மெதுவான வினவல் லாக்கில் விழவில்லையா? போஸ்ட்கிரெஸ் கண்காணிப்பில் எதை எழுதுவது, எதை விட்டுவிடுவது

பினாங்கு லிட்டில் இந்தியாவில் மொத்த விலைக்கு மளிகை விற்கும் ஒரு கடையின் சரக்குக் கணக்கையும், அது இருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் கல்லாவுக்கு முன்னால் வரிசை நடைபாதை வரை நீளும். அப்படியொரு நாள் மதியம் ஒரு மணிக்கு என்னுடன் பணிபுரியும் இளைஞர் கடையிலிருந்து அழைத்தார். "அண்ணே, ஒரு பில் போட இருபது செகண்ட் ஆகுது. லாக்ல பார்த்தா ஒன்னுமே இல்ல லா." எந்த வினவல் மெதுவாக ஓடுகிறது என்று தேடுவதற்கு முன், அதைக் கவனித்துச் சொல்ல வேண்டிய ஏற்பாடு விழித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நிலை அது. அன்று அது பாதி தூக்கத்தில் இருந்தது.

போஸ்ட்கிரெஸில் கண்காணிப்புக்கான அளவுருக்கள் பல உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றை இயல்பு மதிப்பிலேயே விட்டுவிடுவதுதான் என் வழக்கம். சிலவற்றை மட்டும் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் அவற்றின் இயல்பு மதிப்பு "ஒன்றும் செய்யாதே" என்பதுதான். எது எந்த வகை என்பதைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, கண்ணில் படும் அறிகுறியிலிருந்து பின்னோக்கிப் போவது எளிது என்பதால் இதை அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். அளவுருக்களின் பெயர்களை ஒலிப்படி தமிழில் தந்துள்ளேன். அமைவுக் கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே இட வேண்டும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

கோப்பைத் திறக்காதீர்கள்; தரவுத்தளத்தையே கேளுங்கள். பிஜி_செட்டிங்ஸ் என்னும் பார்வையில் (அட்டவணை போல வினவக்கூடியது) ஒவ்வோர் அளவுருவுக்கும் இப்போது நடப்பில் உள்ள மதிப்பு மட்டுமல்லாமல், அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதும் 'சோர்ஸ்' என்னும் நிரலில் இருக்கும். அங்கே 'டிஃபால்ட்' என்றிருந்தால் யாரும் எதையும் எழுதவில்லை. 'கான்ஃபிகரேஷன் ஃபைல்' என்றிருந்தால், எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்பது பக்கத்து நிரல்களிலேயே கிடைக்கும். உரிய அனுமதி இல்லாத பயனருக்கு மட்டும் அவை காலியாகத் தெரியும். 'டேட்டாபேஸ்' அல்லது 'யூசர்' என்றிருந்தால் யாரோ ஆல்டர் டேட்டாபேஸ், ஆல்டர் ரோல் கட்டளைகளால் தனியாக ஒரு மதிப்பைப் பொருத்தியிருக்கிறார்கள். 'பெண்டிங்_ரீஸ்டார்ட்' உண்மை என்றிருந்தால், கோப்பில் எழுதியது இன்னும் நடப்புக்கு வரவில்லை, சர்வரை மறுதொடக்கம் செய்ய வேண்டும் என்று பொருள்.

'சோர்ஸ்' நிரலில் 'டிஃபால்ட்' இல்லாத வரிகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். நேற்று நிறுவிய சர்வரிலும் சில வரிகள் வரும். நேர மண்டலம், தேதி வடிவம் போன்றவற்றை நிறுவும் நிரலே எழுதிவிடுகிறது. அவற்றைக் கழித்துவிட்டு மிஞ்சும் வரிகள்தான் உங்கள் சர்வரில் மனிதர்கள் எடுத்த முடிவுகள்.

அறிகுறி: மெதுவான வினவல் எதுவும் லாக்கில் வருவதே இல்லை

லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மெண்ட் என்பதன் இயல்பு மதிப்பு -1, அதாவது அணைந்திருக்கிறது. ஒரு வினவல் ஒரு மணி நேரம் ஓடினாலும் லாக்கில் ஒரு வரி கூட விழாது. போஸ்ட்கிரெஸை உருவாக்கியவர்கள் மேல் இதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எது மெதுவானது என்பது கல்லாவுக்கு ஒன்று, மாத இறுதி அறிக்கைக்கு வேறொன்று. அதை வெளியிலிருந்து யாரும் ஊகிக்க முடியாது. ஆகவே இதை எழுதியே தீர வேண்டும். நான் 500 மில்லிசெகண்டில் தொடங்குகிறேன். எழுதும்போது அலகையும் சேர்த்தே எழுதுங்கள், ஏனென்றால் அலகில்லாத எண்ணை இந்த அளவுரு மில்லிசெகண்டாகவே எடுத்துக்கொள்ளும். ஐந்து வினாடி என்று நினைத்து வெறும் 5 என்று எழுதியவரின் லாக் அன்று மாலைக்குள் வட்டை நிரப்பிவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

எழுதியும் வரவில்லை என்றால் மூன்று இடங்களில் தேட வேண்டும். ஆல்டர் சிஸ்டம் கட்டளை தன் மதிப்பைத் தனிக் கோப்பில் எழுதுகிறது. அந்தக் கோப்பு கடைசியாக வாசிக்கப்படுவதால், நீங்கள் கையால் திருத்தும் முதன்மைக் கோப்பை அது வென்றுவிடும். அதற்கும் மேலே தரவுத்தளத்துக்குப் பொருத்தியது, அதற்கும் மேலே பயனருக்குப் பொருத்தியது.

தொடக்கத்தில் சொன்ன கடையில் மாட்டிக்கொண்டது அந்த மேல் படியில்தான். மாத அறிக்கைகள் லாக்கை நிரப்புகின்றன என்று, அறிக்கைப் பயனருக்கு மட்டும் 30 வினாடி என்று சில மாதங்களுக்கு முன் நானே பொருத்தியிருந்தேன். பிறகு ஒரு புதிய கல்லாக் கணினியை அமைத்தவர், இணைப்பு வரியை அறிக்கை நிரலிலிருந்து அப்படியே நகலெடுத்துவிட்டார். அந்தக் கல்லாவும் அறிக்கைப் பயனராக உள்ளே வந்தது. 20 வினாடி ஆகும் பில், 30 வினாடி எல்லைக்குள் அடங்கி, சத்தமில்லாமல் போனது. நிர்வாகி கணக்கில் நுழைந்து பார்த்தபோது எனக்கு 500 மில்லிசெகண்ட் என்றே தெரிந்தது, ஏனென்றால் பிஜி_செட்டிங்ஸ் காட்டுவது கேட்பவரின் அமர்வில் உள்ள மதிப்பை. கல்லா பயன்படுத்தும் அதே பயனராக நுழைந்து கேட்டபோதுதான் 30 வினாடி, சோர்ஸ் 'யூசர்' என்ற விடை வந்தது. பிஎஸ்கியூஎல் கருவியில் பின்சாய்கோடு இட்டு டிஆர்டிஎஸ் என்று தட்டினால், பயனருக்கும் தரவுத்தளத்துக்கும் பொருத்தப்பட்டவை அனைத்தையும் ஒரே பட்டியலில் பார்க்கலாம். அன்று முதல் வேலையாக அதைத் தட்டியிருந்தால் அரை மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

அதைத் திருத்தியவுடன் எல்லாம் சரியாகிவிடாது. கோப்பில் மாற்றி மறுவாசிக்கச் சொன்னால் ஓடிக்கொண்டிருக்கும் அமர்வுகளும் புதிய மதிப்பை எடுத்துக்கொள்ளும். ஆனால் ஆல்டர் ரோல் வழியாக மாற்றியது புதிதாகத் தொடங்கும் அமர்வுகளுக்கு மட்டுமே பொருந்தும். இடையில் பிஜிபவுன்சர் போன்ற இணைப்பு மேலாளர் ஒன்று இணைப்புகளைத் திறந்தே வைத்திருந்தால் பழைய மதிப்பு நீண்ட நேரம் உயிரோடிருக்கும். பிஜிபவுன்சரில் ஓர் இணைப்பின் இயல்பு ஆயுள் 3600 வினாடி. அதற்குள் வேண்டுமென்றால் பிஜிபவுன்சரின் நிர்வாகத் திரையில் ரீகனெக்ட் கட்டளை தர வேண்டும்.

அறிகுறி: தனியாக ஓட்டினால் நொடியில் முடிகிறது, லாக்கில் மட்டும் இருபது வினாடி

எல்லையைச் சரிசெய்ததும் லாக்கில் விழுந்தது, சரக்கு அட்டவணையில் ஒரே ஒரு வரியை மாற்றும் வினவல். நாங்கள் அதைத் தனியே ஓட்டியபோது 4 மில்லிசெகண்டில் முடிந்தது. இத்தகைய இடைவெளி தெரிந்தால் இண்டெக்ஸைத் தேடிப் போகாதீர்கள். ஒரே வரியை இருவர் ஒரே நேரத்தில் மாற்றாதபடி தரவுத்தளம் பூட்டுப் போடும்; அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்த நேரமும் லாக்கில் பதிவாகும் நேரத்தில் சேர்ந்திருக்கிறது.

லாக்_லாக்_வெயிட்ஸ் என்னும் அளவுருவும் எங்கள் சர்வரில் இருந்த 16ஆம் பதிப்பில் இயல்பாக அணைந்தே இருந்தது. அதை இயக்கினால், டெட்லாக்_டைம்அவுட் என்னும் அளவுருவின் மதிப்பைத் தாண்டிக் காத்திருக்கும் ஒவ்வோர் அமர்வைப் பற்றியும் ஒரு வரி விழும். யார் பூட்டைப் பிடித்திருக்கிறார் என்ற செயல்முறை எண்ணும் அதிலேயே இருக்கும். அந்த மதிப்பு இயல்பாக 1 வினாடி; அதை நான் தொட்டதில்லை, தொட வேண்டிய தேவையும் வந்ததில்லை. இயக்கிய பத்து நிமிடத்தில் காரணம் தெரிந்தது. விலைப்பட்டியலைக் கோப்பிலிருந்து ஏற்றும் ஒரு பணி எல்லாச் சரக்கு வரிகளையும் ஒரே பரிவர்த்தனைக்குள் மாற்றிவிட்டுக் கடைசியில்தான் கமிட் செய்தது; பண்டிகைக் காலத்தில் விலை அடிக்கடி மாறுவதால் அதைக் கடை திறந்திருக்கும்போதே ஓட்டினார்கள். லாக்_லாக்_வெயிட்ஸை இயக்கும் இந்த ஒரு வரியை எல்லாச் சர்வர்களிலும் எழுதி வைக்கலாம் என்பது என் கருத்து. அது எழுதும் அளவு சொற்பம், சொல்லும் செய்தி பெரிது.

அறிகுறி: ஷோ கட்டளை மதிப்பைக் காட்டுகிறது, ஆனால் செயல்திட்டம் எதுவும் பதிவாகவில்லை

மெதுவான வினவலின் செயல்திட்டத்தை, அதாவது தரவுத்தளம் அதை எந்தப் படிகளில் ஓட்டியது என்பதை, லாக்கில் எழுதும் ஆட்டோ_எக்ஸ்ப்ளெய்ன் தொகுதியைப் பயன்படுத்துபவர்கள் இதில் நேரத்தைத் தொலைப்பது அதிகம். புள்ளி வைத்த பெயருள்ள எந்த அளவுருவையும் போஸ்ட்கிரெஸ் மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும், உரிய தொகுதி ஏற்றப்படாமலிருந்தாலும் சரி. பின்னால் ஏறப்போகும் தொகுதிக்காக மதிப்பைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு அது. ஆகவே தொகுதியை ஏற்றாமல், அதன் கால எல்லையை மட்டும் 1 வினாடி என்று எழுதினால், ஷோ கட்டளை 1 வினாடி என்று நேர்மையாகத் திருப்பிச் சொல்லும். எழுதியவர் எல்லாம் சரி என்று நம்பிவிடுவார்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அதே பெயரைப் பிஜி_செட்டிங்ஸில் தேடுங்கள். ஷோவில் இருந்து, அங்கே இல்லாமல் போனால், பிடித்து வைத்த இடம் மட்டும்தான் இருக்கிறது, தொகுதி உள்ளே வரவில்லை.

வராமைக்குக் காரணம் பெரும்பாலும், சர்வர் எழும்போது எந்தத் தொகுதிகளை ஏற்ற வேண்டும் என்று சொல்லும் ஷேர்ட்_ப்ரீலோட்_லைப்ரரீஸ் வரிதான். அது ஒரு பட்டியல் என்பதால், இரண்டு இடங்களில் எழுதினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும் என்று மனம் எண்ணுகிறது. சேராது, கடைசியாக வாசிக்கப்படும் வரி மட்டுமே நிற்கும். முதன்மைக் கோப்பில் ஆட்டோ_எக்ஸ்ப்ளெய்ன் இருக்க, இன்னொருவர் ஆல்டர் சிஸ்டம் வழியாகப் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மெண்ட்ஸ் என்னும் வேறொரு தொகுதியை மட்டும் பொருத்தினால், அடுத்த மறுதொடக்கத்தில் முதலாவது காணாமல் போகும். அந்த மறுதொடக்கம் மூன்று மாதம் கழித்து நடந்தால், யார் எதை மாற்றினார் என்று யாருக்கும் நினைவிருக்காது. இந்த அளவுருவை ஒரே இடத்தில்தான் எழுதுவது என்று அலுவலகத்தில் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஆட்டோ_எக்ஸ்ப்ளெய்ன் வந்த பிறகு எல்லாமே மெதுவாகிவிட்டது

லாக்_அனலைஸ் என்னும் துணை அளவுருவை யாரேனும் இயக்கியிருப்பார்கள். அதன் இயல்பு மதிப்பு 'அணை', அது காரணத்தோடுதான் அப்படி இருக்கிறது. அதை இயக்கினால், லாக்கில் விழப்போகும் மெதுவான வினவல்களுக்கு மட்டுமல்லாமல் ஓடும் ஒவ்வொரு வினவலுக்கும் செயல்திட்டத்தின் ஒவ்வொரு படியிலும் கடிகாரம் பார்க்கப்படும், ஏனென்றால் எது எல்லையைத் தாண்டும் என்பது முடிந்த பிறகுதான் தெரியும். உண்மையான வரி எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் லாக்_டைமிங்கை அணைத்துவிடுங்கள். அல்லது சாம்பிள்_ரேட்டை 1 இலிருந்து 0.05 போன்ற ஒன்றுக்கு இறக்குங்கள்.

அறிகுறி: பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மெண்ட்ஸில் தெரிந்த வினவலைக் காணவில்லை

இந்தப் பார்வை, ஒரே வடிவமுள்ள வினவல்களை மதிப்புகள் நீக்கி ஒன்றாகக் கூட்டி வைக்கிறது. இயல்பாக 5000 வடிவங்கள் வரை இடமுண்டு. நிரம்பினால் குறைவாக ஓடியவை தள்ளப்படும். தள்ளுதல் எத்தனை முறை நடந்தது என்பதை 14ஆம் பதிப்பிலிருந்து பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மெண்ட்ஸ்_இன்ஃபோவில் 'டீஅலாக்' எண்ணிக்கை சொல்கிறது. அந்த எண் அசையாமல் இருந்தால் 5000 போதும், கையை வைக்க வேண்டாம். நாள்தோறும் ஏறினால், எல்லையை உயர்த்துவதற்கு முன் எது இடத்தை அடைக்கிறது என்று பாருங்கள். எங்களிடம் அடைத்தது, நிரலாக்கச் சட்டகம் உருவாக்கிய 'இன்' பட்டியல்கள்: மூன்று பொருள் வாங்கிய பில் ஒரு வடிவம், நான்கு பொருள் வாங்கியது இன்னொரு வடிவம், நாற்பது பொருள் வாங்கியது வேறொன்று. 18ஆம் பதிப்பு இத்தகைய மாறிலிப் பட்டியல்களைச் சுருக்கிவிடுகிறது. அதற்கு முந்தையவற்றில் பட்டியலை ஓர் அணியாக அனுப்பி 'எனி' கொண்டு ஒப்பிடுவதே சரியான மருந்து. எல்லையை 50,000 ஆக்கியிருந்தால் நோய் மறைந்திருக்கும், போயிருக்காது.

வினவல் ஒரு சேமித்த செயல்கூறுக்குள் ஓடினால் அதுவும் தெரியாது, 'ட்ராக்' அளவுரு இயல்பாக மேல்மட்டத்தை மட்டுமே எண்ணுவதால். தேவைப்படும் நாளில் 'ஆல்' என்று மாற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிவிடலாம். வினவலின் இடத்தில் அனுமதி போதாது என்ற குறிப்பு வந்தால் அந்தக் கணக்குக்குப் பிஜி_மானிட்டர் பொறுப்பைக் கொடுங்கள். நிர்வாகி உரிமை கொடுக்க வேண்டியதில்லை.

அறிகுறி: ஓடிக்கொண்டிருக்கும் வினவல் பாதியில் வெட்டுப்பட்டுத் தெரிகிறது

இது தமிழில் பெயர் வைக்கும் கடைகளுக்கே உரிய தொல்லை. இப்போது ஓடும் வினவல்களைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி பார்வை ஒவ்வோர் அமர்வின் வினவலுக்கும் ஒதுக்கும் இடம் இயல்பாக 1024 பைட். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அது ஆயிரம் எழுத்து. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனிக் குறியீடுகள். 'மஞ்சள்தூள்' என்பதை நாம் ஆறு எழுத்தாக எண்ணுகிறோம், கணினிக்கு அது பத்துக் குறியீடு, 30 பைட். இருபுறமும் மேற்கோள் குறி, ஒரு காற்புள்ளி, ஓர் இடைவெளி சேர்த்தால் 34. அப்படி முப்பது பொருள் கொண்ட ஒரு பட்டியலே 1020 பைட்டைத் தின்றுவிடும். அதற்குப் பிறகு வரும் நிபந்தனை, வரிசைப்படுத்தல் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பழுது பெரும்பாலும் அந்தத் தெரியாத பகுதியில்தான் இருக்கும்.

14ஆம் பதிப்போ அதற்குப் பிந்தையதோ இருந்தால் எதையும் மாற்றாமலே ஒரு வழியுண்டு. பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் உள்ள வினவல் அடையாள எண்ணைக் கொண்டு பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மெண்ட்ஸில் தேடினால், மதிப்புகள் நீக்கப்பட்ட முழு வடிவமும் கிடைக்கும்; அந்த எண்ணைக் கணிக்கும் அளவுரு இயல்பாகவே 'ஆட்டோ' என்பதால், அந்தத் தொகுதி ஏறியிருந்தால் தானாக இயங்கும். இருந்தாலும் ட்ராக்_ஆக்டிவிட்டி_குவெரி_சைஸை 4096 என்று நான் எழுதிவிடுகிறேன். இயல்பான 100 இணைப்புகளுக்கு அது ஏறத்தாழ 400 கிலோபைட்தான். மறுதொடக்கம் தேவை என்பதால் பண்டிகைக் காலத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

அறிகுறி: லாக்கில் நேரம் எட்டு மணி நேரம் பின்தங்கியிருக்கிறது

மதியம் ஒரு மணி நெரிசல் காலை ஐந்து மணியில் பதிவாகியிருந்தால் சர்வர் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், எழுதுகிறது. கண்டெய்னரில் ஓடும் சர்வர்களில் இது சாதாரணம். லாக்_டைம்ஸோனில் ஆசியா, கோலாலம்பூர் மண்டலத்தை எழுதினால் தீர்ந்தது. மையெஸ்கியூஎல் என்னும் வேறொரு தரவுத்தளத்தை வைத்திருப்பவர்கள் அங்கும் இதைச் சந்திப்பார்கள், 5.7ஆம் பதிப்பிலிருந்து அதன் லாக் நேரமும் இயல்பாக யுடிசிதான். அங்கே மெதுவான வினவல் லாக் இயல்பாக அணைந்திருக்கும். இயக்கினாலும் எல்லை 10 வினாடி என்பதால் கல்லாவுக்கு அது பயன்படாது. உலகளாவிய மதிப்பை மாற்றினாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் பழைய எல்லையிலேயே தொடரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அறிகுறி: லாக் பெருத்துக்கொண்டே போகிறது

எல்லையை 0 ஆக்கி எல்லாவற்றையும் பதிவு செய்யும் ஆசையை அடக்குங்கள். 13ஆம் பதிப்பு முதல் இரண்டு எல்லை வைக்கலாம்: 1 வினாடியைத் தாண்டியவை அனைத்தும், 100 மில்லிசெகண்டைத் தாண்டியவற்றில் பத்தில் ஒன்று. பின்னதற்கு லாக்_மின்_டியூரேஷன்_சாம்பிள், லாக்_ஸ்டேட்மெண்ட்_சாம்பிள்_ரேட் இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும். விகிதத்தை எழுதாமல் விட்டால் அது 1, அதாவது அத்தனையும் விழும்.

வினவலோடு அனுப்பப்படும் மதிப்புகளும் இயல்பாக முழுமையாகப் பதிவாகின்றன. வாடிக்கையாளரின் 12 இலக்க அடையாள அட்டை எண் உங்கள் லாக்கில் கிடக்கலாம். மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கையில், அந்த லாக்கை உதவிக்காக யாருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்புவது நல்லதல்ல. லாக்_பாராமீட்டர்_மாக்ஸ்_லெங்த்தை 0 ஆக்கினால் தனியாக அனுப்பப்படும் மதிப்புகள் நிற்கும். வினவலுக்குள்ளேயே ஒட்டி எழுதியவை அப்போதும் விழும். அதற்கு நிரலைத்தான் திருத்த வேண்டும்.

அறிகுறி: பதிப்பை உயர்த்தினோம், சர்வர் எழவில்லை

நாங்கள் ஒருமுறை கைமாற்றாகப் பெற்ற அமைவுக் கோப்பில் முந்நூறுக்கு மேல் வரிகள் உயிரோடு இருந்தன. யாரோ, எல்லாம் வெளிப்படையாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில், மாதிரிக் கோப்பின் ஒவ்வொரு வரியையும் செயலற்றதாக வைத்திருக்கும் # குறியை நீக்கியிருந்தார். எழுதியது இயல்பு மதிப்புதானே, என்ன கெட்டுவிடும் என்று தோன்றும். 15ஆம் பதிப்புக்கு மாறியபோது தெரிந்தது. ஸ்டாட்ஸ்_டெம்ப்_டைரக்டரி என்னும் அளவுரு அந்தப் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டதால், அந்த வரியைக் கண்டதும் சர்வர் எழ மறுத்தது. அதை நீக்கி எழுப்பிய பிறகும் ஒன்று சத்தமில்லாமல் தங்கியது: 15ஆம் பதிப்பு முதல் செக்பாயிண்ட் (நினைவகத்தில் மாறியவற்றை வட்டில் எழுதும் வேலை) பற்றிய பதிவு இயல்பாக இயங்குகிறது, ஆட்டோவேக்குவம் (பழைய வரிகளைத் துப்புரவாக்கும் வேலை) 10 நிமிடத்தைத் தாண்டினால் அதுவும் பதிவாகிறது, எங்கள் கோப்பிலோ இரண்டும் பழைய காலத்து 'அணை'யில் உறைந்து கிடந்தன. புதிய பதிப்பு இலவசமாகத் தந்த கண்காணிப்பை, பழைய இயல்பு மதிப்பின் நகல் தடுத்துக்கொண்டிருந்தது.

இப்போது அந்தக் கோப்பை நாங்கள் தொடுவதில்லை. தனி அடைவில் ஒரு சிறு கோப்பு, அதில் கண்காணிப்புக்கென ஒன்பது வரிகள். ஒவ்வொரு வரிக்கும் மேலே, எந்த அறிகுறிக்காக, எந்த மாதம் எழுதினோம் என்று ஒரு குறிப்பு. "கல்லா 20 வினாடி, லாக் வெறுமை" என்ற குறிப்பு 500 மில்லிசெகண்டுக்கு மேலே இருக்கிறது. பயனருக்குப் பொருத்துபவற்றையும் அதே கோப்பில் குறிப்பாக எழுதுகிறோம், அவை கோப்பில் வாழாவிட்டாலும். மறுவாசிக்கச் சொல்வதற்கு முன் பிஜி_ஃபைல்_செட்டிங்ஸ் பார்வையில் 'எரர்' நிரல் காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மறுவாசித்த பின், மாற்றிய அளவுருவைக் கல்லாப் பயனராக நுழைந்து ஒருமுறை கேட்க வேண்டும்.